பின் அச்சின் முனகல்

அந்தக் காரில் ஆயில் ஊற்றுவதற்கு மூன்று இடங்கள் உண்டு என்பது கல்யாணமான முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் ஒன்று. கியர் பெட்டி ஒன்று. மூன்றாவது, பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சில் பூசணிக்காய் போலத் தொங்கும் இரும்பு உருண்டை. புத்தகத்தில் அதை டிஃபரன்ஷியல் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கிரவுன் என்றால்தான் தெரியும். என் கணவரும் கிரவுன் என்றுதான் சொல்வார்.

அவர் அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தார். நான் எம்.ரெட்டியபட்டியில் பள்ளிக்கூட டீச்சர். எண்பதுகளின் தொடக்கம் அது. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் கார். கறுப்பு நிறம், வெள்ளைக்காரர்கள் காலத்து வண்டி. அவருடைய பெரியப்பா திருச்சுழிப் பக்கம் டாக்டராக இருந்தவர். ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கப் போன கார். பெரியப்பாவின் மகன்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. இவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்த பிறகு அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார். ஆயில் மாற்றும் நாள் என்றால் முதலில் காரை ஓட்டிக்கொண்டு போய் சூடு பண்ணிக்கொண்டு வருவார். சூடானால்தான் ஆயில் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பனந்துண்டுகளை முட்டுக் கொடுப்பார். ஆயில் ஊற்றுகிற மேல் திருகைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழ்த் திருகில் கை வைப்பார். மேலே உள்ளது துருப்பிடித்துக் கழலாமல் போய், கீழே உள்ளதை மட்டும் திறந்துவிட்டால் இருந்த ஆயிலும் போய் வண்டி முடங்கிவிடும் என்பது அவர் பயம்.

கியர் பெட்டிக்குள் பித்தளைச் சாமான் இருப்பதால் அதற்கு எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலேதான். கிரவுனுக்குத் தனி ஆயில், பாகு போல இருக்கும். அதில் கந்தக வாடை அடிக்கும். பட்டாசு வெடித்து முடித்த தெரு போல ஒரு வாடை. அதை மாற்றிய நாட்களில் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அந்த வாடை வரும். மில்லிலிருந்து கொண்டுவரும் கழிவுப் பஞ்சால் எத்தனை தரம் துடைத்தாலும் போகாது.

அச்சுக்கு மேலே மூச்சு விடுவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். எங்கள் பக்கத்துக் கரிசல் தூசி அதை அடைத்துவிடும். அடைத்தால் உள்ளே சூடாகும் ஆயில் போக்கிடம் இல்லாமல் சக்கரத்துப் பக்கம் கசிந்து பிரேக்கை நனைத்துவிடும். கொட்டகைக்கு வெளியே வேலிக் கருவையிலிருந்து ஒரு முள்ளை ஒடித்து அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் பண்ணுவார். அந்த வேலையை மட்டும் என்னைச் செய்யச் சொல்வார். என் கை சிறியது, உள்ளே நுழையும்.

ஆனால் அவர் அந்தக் காரை வைத்திருந்தது காதால்தான். புதிதாகக் கல்யாணமான நாட்களில் திருச்சுழி ரோட்டில் போவோம். இரண்டு பக்கமும் பருத்தி, கம்பு, இல்லாவிட்டால் வெறும் காடு. நான் ஏதாவது பேசிக்கொண்டே வருவேன்.

"டீச்சர், கொஞ்சம் பேசாம வா" என்பார்.

நான் நிறுத்தியதும் தலையைச் சாய்த்துக் கேட்பார். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு சத்தம், காலை எடுக்கும்போது ஒரு சத்தம். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. "கிரவுன் நல்லா பேசுது" என்பார். அதற்குப் பிறகு நான் பேசலாம்.

மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய காலத்தில்தான் நான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். அடுப்படியிலிருந்து அவள் "அப்பா" என்று கூப்பிடுவாள், இவர் திரும்ப மாட்டார். முன்னால் போய் நின்றால் வாரித் தூக்கிக்கொள்வார். குக்கர் விசில் அடித்து முடிந்த பிறகு "விசில் வரலையா?" என்று கேட்பார். ரேடியோவைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு வைப்பார்.

"காதைக் காட்டிட்டு வருவோமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மில்லுக் காது அப்பிடித்தான் இருக்கும். அங்க எல்லாருக்கும் இப்பிடித்தான். லீவுல சரியாயிரும்."

மில்லுக்குள் நான் ஒரு தரம் போயிருக்கிறேன், ஆயுத பூசைக்கு. அன்று எந்திரங்கள் ஓடவில்லை. ஒன்றை மட்டும் எனக்காக ஓடவிட்டுக் காட்டினார்கள். அதற்கே நான் காதைப் பொத்திக்கொண்டேன். அதுபோல ஒரு கூடம் நிறைய ஓடும் இடத்தில்தான் அவர் பதினெட்டு வயதிலிருந்து நின்றிருந்தார்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, ஒரு கோடையில் காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. அந்த நேரத்துக்குள் எனக்கும் கொஞ்சம் பழகியிருந்தது. வேகம் எடுத்தால் கொசு காதருகே வருவது போல ஆரம்பித்து, இன்னும் வேகம் போனால் நாய்க்குட்டி அழுவது போல ஆகும். காலை எடுத்தால் நின்றுவிடும்.

"பின்னால என்னமோ சத்தம் வருதுங்க."

அவர் தலையைச் சாய்த்தார். கொஞ்ச தூரம் போனோம்.

"ஒண்ணும் இல்லையே."

"இப்பக்கூட கேக்குது."

"காத்துச் சத்தமா இருக்கும். கண்ணாடிய ஏத்திவிடு."

கண்ணாடியை ஏற்றினேன். முனகல் இன்னும் தெளிவாகக் கேட்டது. பின் சீட்டிலிருந்து மகளும் சொன்னாள், "அப்பா, கார் அழுவுதுப்பா." அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. நான் திரும்பச் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகும் நான் இரண்டு மூன்று தரம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "இந்த வண்டிய பத்து வருசமா வச்சிருக்கேன். இதுல ஒரு நட்டு லூசானா எனக்குத் தெரியும். நீ எனக்குச் சொல்லிக் குடுக்க வாரியா?" என்றார். நான் சொல்வதை விட்டுவிட்டேன். காரில் போகும்போது இருவரும் பேசிக்கொள்ளாமல் போனோம். முன்பு அவர் கேட்பதற்காகப் பேசாமல் இருந்தோம். இப்போது வேறு மாதிரி.

மழை தொடங்கும் முன்பு கிரவுன் ஆயில் மாற்றுகிற வழக்கம் அவருக்கு உண்டு. அந்த ஞாயிறும் பனந்துண்டில் ஏற்றி வைத்துவிட்டு அடியில் படுத்தார். நான் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஆயிலை வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் பிடித்து வெயிலில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே வந்தவர் அப்படியே நின்றார். பிறகு தட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

நான் ஈரக் கையோடு போய்ப் பார்த்தேன். கறுப்பு ஆயிலுக்குள் மீன் செதில் போல மினுமினுவென்று இரும்புத் தூள். விரலால் தொட்டுக் கட்டை விரலோடு தேய்த்துக்கொண்டே இருந்தார். தட்டின் ஓரத்தில் அரிசி முனை அளவு ஒரு துண்டு, கிரவுனுக்குள் சுற்றும் பல் சக்கரத்திலிருந்து உடைந்தது.

"பல்லு தின்னுருக்கு" என்றார். "ரொம்ப நாளாத் தின்னுருக்கு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எப்ப இருந்து உனக்குக் கேக்குது?"

"வெயில் ஆரம்பிச்சப்ப இருந்து."

"இவ்வளவு தின்ன வண்டி ஊரைக் கூட்டிருக்குமே. ரோட்டுல போறவனுக்கெல்லாம் கேட்டிருக்குமே."

அவர் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பாப்பா என்னயக் கூப்பிடுறது எனக்குக் கேக்குறதில்ல" என்றார். அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தார். நானும் இருந்தேன். ஊறப்போட்ட துணி கிணற்றடியிலேயே கிடந்தது.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் விரல் தூக்கினார், தூக்கினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், அவர் கண் அந்த மிஷினை இயக்கும் பெண்ணின் கையிலேயே இருந்தது. அவள் கை அசையும்போதெல்லாம் இவர் விரல் எழுந்தது. அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது. அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் விரல் ரொம்ப நேரம் மடியிலேயே கிடந்தது.

டாக்டர் என்னிடம் சொன்னார். "சத்தத்துல இருந்து இருந்து நரம்பு செத்துப்போச்சும்மா. சன்னமான சத்தம்தான் முதல்ல போகும். குருவி கத்துறது, விசில், பிள்ளைக குரல். போனது வராது. இருக்கிறத வச்சுச் சமாளிக்க வேண்டியதுதான்."

காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கினோம். மாட்டினால் பாத்திரச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் மண்டைக்குள் விழுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். வேலையை விடுங்கள் என்று நான் சொன்னதையும் கேட்கவில்லை. "மில்லுக்குள்ளதான் எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். அது உண்மைதான். அங்கே யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. கை ஜாடையும் வாயசைவும்தான் பேச்சு. உள்ளே போய்விட்டால் அவரும் எல்லோரையும் போல ஒரு ஆள்.

காருக்குப் பல் சக்கரம் தேடிப் பாளையம்பட்டிப் பட்டறைக்காரரும் அவரும் மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார்கள். பட்டறைக்காரர் அவருக்கு இளையவர், அண்ணாச்சி என்று கூப்பிடுவார். கடைசியில் எங்கோ ஒரு வண்டியை உடைத்ததில் பெரிய பல் சக்கரமும் அதோடு சேர்ந்த சின்னதும் ஜோடியாகக் கிடைத்தன. அதை மாட்டினார்கள். புது ஆயிலை மேல் திருகுத் துளையில் ஊற்றி, அதன் வழியாகவே வழிந்து நிற்கும்வரை காத்திருந்து திருகை மூடினார்கள்.

ஓட்டிப் பார்க்கும் அன்று காலை அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ வந்தாத்தான் ஆகும். உன் கைய என் தோள்ல வச்சுக்க. முனகல் வந்தா அழுத்து. நின்னா லேசா விட்டுரு. வாயால சொல்லாத, நான் ரோட்டப் பாக்கணும்."

திருச்சுழி ரோட்டில் போனோம். வேகம் கூட்டினார், குறைத்தார். கூட்டினார், குறைத்தார். நான் கையை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எஞ்சின் சத்தம், டயர் சத்தம், கதவு ஆடுகிற சத்தம். முனகல் மட்டும் இல்லை. குண்டாற்றுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார்.

"ஒண்ணுமே வரலையா?"

"வரலைங்க. நல்லா இருக்கு."

அவர் சிரித்தார். வெளியே பார்த்துக்கொண்டு, "எனக்கு அப்பவும் இப்பவும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். நான் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

அதன் பிறகு சில வருடங்கள் அப்படியே ஓட்டினார். நான் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். என் கை அவர் தோளில் இருக்கும். பார்ப்பவர்கள் கேலி பண்ணுவார்கள், இந்த வயசிலயும் டீச்சரம்மா புருசனை விடாம பிடிச்சிருக்காக என்று. கியர் மாற்றும்போது கரகரப்பு வந்தால் இரண்டு தட்டு. முனகல் என்றால் அழுத்தம். எங்களுக்குள் அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

தொண்ணூறுகள் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். குமாரலிங்கபுரம் தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்ப்பார் என்று இருந்தேன், பார்க்கவில்லை. ஹாரன் விடாமல் அடித்தது. நான் பதறிப்போய் அவர் தோளை அழுத்தினேன்.

அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஓரமாக ஒதுங்கவில்லை. அதே நடு ரோட்டில் வேகம் குறைந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"முனகுதா?" என்று கேட்டார்.

பஸ் எங்களை இடிக்காமல் இருக்க ஒடித்து, ரோட்டை விட்டு இறங்கி, கருவேலம் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். யாருக்கும் அடியில்லை. ஒரு கைப்பிள்ளைக்காரி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. டிரைவர் ஓடிவந்து என் கணவருக்கு முன்னால் நின்று ஏசினார். கேட்கக்கூடாத வார்த்தைகள். "செவிட்டு..." என்று தொடங்கி அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். உண்மையிலேயே காது கேட்காது என்று டிரைவருக்குத் தெரியாது, கோபத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார்.

என் கணவர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கூப்பினார். டிரைவர் நிறுத்திவிட்டார். ஏதோ புரிந்தது போலத் திரும்பிப் போய்விட்டார்.

காரில் ஏறிய பிறகு என்னிடம் கேட்டார், "என்ன சொன்னாரு அவரு?"

அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாய் தெரியும்படி, "பாத்துப் போகச் சொன்னாரு" என்றேன்.

"அம்புட்டு நேரமா பாத்துப் போகச் சொன்னாரு?" என்றார். அதன் பிறகு மெதுவாக, ரோட்டு ஓரத்திலேயே, மாட்டு வண்டி போலப் பாளையம்பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். மறுபடி அந்தக் காரை ரோட்டுக்கு எடுக்கவேயில்லை.

ஆனால் ஆயில் மாற்றுவதை விடவில்லை. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று சில வருடங்கள் கழித்து மகள் கேட்டாள். அப்போது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "ஓடுற வண்டிக்கு ஆயில் தானாச் சுத்திக்கிரும்மா" என்றார் அவர். "நிக்கிற வண்டிக்குத்தான் மேல் பல்லு காஞ்சு துருப்பிடிக்கும்." அதனால் அவ்வப்போது பின்பக்கத்தைத் தூக்கிவைத்து, சக்கரத்தைக் கையால் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருப்பார். கியர் பெட்டி ஆயிலையும் விரலில் தொட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்து வெளுத்திருந்தால் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றுவார்.

மகள் அந்த வருடம் கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். நல்ல குரல் என்று எல்லோரும் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் தனியாக ஒரு பாட்டின் இரண்டு அடிகளைப் பாட வேண்டியிருந்தது. அவர் ஆண்கள் பக்கம் முன் வரிசையில் போய் உட்கார்ந்தார், எப்போதும் கடைசியில் உட்கார்கிறவர். அவள் பாடும்போது நான் அவளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். முகத்தை நீட்டி, புருவத்தைச் சுருக்கி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இரண்டு அடிகள் முடிந்து மற்றவர்கள் சேர்ந்து பாடத் தொடங்கிய பிறகும் அப்படியே இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவள் தூங்கப் போனதும் என்னிடம் கேட்டார்.

"அவ குரல் எப்பிடி இருக்கு?"

டீச்சர் நான், வார்த்தை வரவில்லை. "உங்க தங்கச்சி குரல் மாதிரி" என்றேன். அந்தத் தங்கை சிறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவள். நான் பார்த்ததே இல்லை. அவர்தான் ஒரு முறை, தங்கச்சி நல்லாப் பாடுவா என்று சொல்லியிருந்தார். "அது நல்ல குரல்" என்றார்.

மகள் மதுரையில் கல்லூரி முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு பகல் ஷிப்டில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களிடம் மார்பைக் கையால் காட்டியிருக்கிறார். அவர்கள் உடனே புரிந்துகொண்டு தூக்கியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆள் வந்தது.

காரை ஒரு வருடம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற ஒருவர் காரைக்குடிப் பக்கமிருந்து பட்டறைக்காரர் மூலம் கேட்டு வந்தார். நல்ல மனுஷர்தான். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் அவரிடம், கியர் பெட்டியில் கிரவுன் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், பித்தளையை அரித்துவிடும் என்று சொன்னேன். அச்சுக்கு மேல் துளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "சரிங்கம்மா, எங்க மெக்கானிக் பாத்துக்குவாரு" என்றார். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். பட்டறைக்காரர், "மதினி, நீங்க உள்ள போங்க" என்றார். நான் போகவில்லை. லாரி தெரு முனை திரும்பும்வரை நின்றேன்.

சாயங்காலம் மகளிடம் சொல்வதற்காகக் கடைத்தெருவில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன். "காரைக் குடுத்துட்டேன்மா" என்றேன். வெளியே நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா" என்றாள் அவள், "மெதுவாப் பேசுங்க. எனக்குக் கேக்குது."

அப்போதுதான் தெரிந்தது, நான் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று. வீட்டில் இனிக் கேட்காதவர் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினேன். தாழ்த்தியதும் என்ன பேசுவதென்று தெரியாமல் போய்விட்டது. பிறகு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"புளிக்குழம்பு வச்சேன்" என்றேன். அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.